காட்டிலிருந்து இறங்கி வந்த பொங்காலை

ஓய்வு பெற்றவர்களை வன இலாகா ஒருநாளும் மறப்பதில்லை. பயிற்சி வகுப்பில் பேச ஆள் கிடைக்காத அன்று சரியாக ஞாபகம் வந்துவிடும். போன மாதம் எனக்கு அழைப்பு வந்ததும் அப்படித்தான். நல்ல புடவையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். பார்த்ததுமே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நான் சேர்ந்த காலத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று கேட்டதற்கே ஒரு ஃபைல் திறந்து, அதை ஊர் ஊராக அனுப்பி வைத்தார்கள்.

முன் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "மேடம், சர்வீஸ்ல எத்ர பேரெ அறஸ்ட் பண்ணியிருக்கு?" என்று கேட்டாள்.

"நிறையப் பேரை. ஆனால் நான் பெருமைப்படற கேஸ்ல ஒருத்தரையும் பிடிக்கலை" என்றேன். பிள்ளைகளுக்கு முகம் விழுந்துவிட்டது. துப்பாக்கி, துரத்தல் என்று எதையோ எதிர்பார்த்து வந்தவர்களிடம் பொங்கல் பானைக் கதையை ஆரம்பித்தால் வேறென்ன ஆகும்? அதற்குள் டீ வந்துவிட்டது. டீயோடு போட்டி போட என்னால் முடியாது. அங்கே பாதியில் நின்றதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான் மலையாளச் சீமையில் கரமனை அக்கிரகாரத்துப் பெண். எங்கள் தெருவிலிருந்து வங்கிக்குப் போனவர்கள் உண்டு, செக்ரடேரியட்டுக்குப் போனவர்கள் உண்டு, அமெரிக்காவுக்குப் போனவர்களுக்குக் கணக்கே கிடையாது. காட்டுக்குப் போனவள் நான் ஒருத்திதான். தாவரவியல் படித்துவிட்டு, தோழிக்குத் துணையாகப் பரீட்சை எழுதினேன். அவளுக்குக் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்துவிட்டது. "அட்டை கடிக்கும்டி, ஆனை மிதிக்கும்டி, அதெல்லாம் போகட்டும், உன்னை யார்டி கல்யாணம் பண்ணிப்பா?" என்று அம்மா அழுதாள். கல்யாணமும் நடந்தது. கிழக்கேகோட்டையில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாக இருந்த சாது மனிதர் ஒருவர் துணிந்து முன்வந்தார். தெருவில் எனக்குக் 'காட்டு மாமி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். ஏறச் சொன்னார்கள், ஏறினேன். மரங்களுக்கு லத்தீனில் ஒரு பெயர், மலையாளத்தில் ஒரு பெயர், அந்தந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் ஒன்று என்று மூன்றையும் மனப்பாடம் பண்ணினேன். துப்பாக்கி பிடிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். சர்வீஸ் முழுவதும் அதை எண்ணெய் போட்டுத் துடைத்ததோடு சரி.

உண்மையான பயிற்சி மாசி மாசத்தில்தான் கிடைத்தது. மழை பெய்யும்போது காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். மாசியில் இலையெல்லாம் அப்பளமாகக் காய்ந்து கிடக்கும்போதுதான் எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும். தை பிறந்ததுமே காட்டோரமாக அகலப் பாதை போலச் சருகையும் புல்லையும் அரித்து எடுத்துவிடுவோம். தீ வந்தால் அந்த வெறும் தரையைத் தாண்டக் கூடாது. பச்சை இலைக் கொத்தை ஒடித்துக்கொண்டு தீயை எப்படி அடிப்பது என்பதற்கு ஒரு முறை உண்டு. ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் விழும். அமுக்கித் தேய்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு, கருகி முடிந்த பக்கமாக நின்றுகொண்டு, நெருப்பின் இடுப்பில் அடிக்க வேண்டும். தலைக்கு நேரே போய் நிற்பவன் முட்டாள் என்று எங்கள் பழைய ரேஞ்சர் சொல்லுவார். நான் முதல் தீயில் நேரே தலைக்குத்தான் போனேன். புருவம் இரண்டும் பொசுங்கி, மை தீட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனது தனிக் கதை.

இனி வர்கீஸ் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் டெபுடி ரேஞ்சராக இருந்தபோது அவர்தான் எங்கள் டி.எஃப்.ஓ., கோட்டத்துக்கே பெரிய வன அதிகாரி. ஒல்லியான மனிதர். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அவரிடம் எந்த யோசனையைக் கொண்டு போனாலும் கடைசி வரை கேட்பார். கேட்டுவிட்டு, "பின்னே?" என்பார். அவ்வளவுதான். அதற்கப்புறம் என்ன என்று அர்த்தம். நாம் அடுத்ததைச் சொன்னால் அதற்கும் ஒரு "பின்னே?" வரும். நம் யோசனையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வந்து நம் வாய் தானாகவே அடைத்துக்கொள்ளும். "யோசித்துவிட்டு நாளைக்கு வா" என்றுகூடச் சொல்ல மாட்டார். வாழைக்காய் வறுவல் டப்பாவை நம் பக்கம் நகர்த்துவார். இரண்டு வறுவலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். இலாகாவில் பாதிப் பேர் அந்த வறுவலைத் தின்றே வேலை கற்றவர்கள்.

எங்கள் சரகத்துக்குள், நல்ல அடர்ந்த சோலைக்கு நடுவே, மலைவாசிகளான காணிக்காரர்களின் அம்மன் கோயில் ஒன்று இருந்தது. கோயில் என்றால் ஒரு பாறை, ஒரு விளக்கு, சிவப்புத் துணி, அவ்வளவுதான். பூசை செய்வது மல்லன் காணி. மாசியில் ஒருநாள் அடிவாரத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் மலையேறி வந்து அங்கே பொங்காலை இடுவார்கள், அதாவது அம்மனுக்குப் பானையில் பொங்கிப் படைப்பார்கள். முன்பு ஏதோ சில குடும்பங்கள்தான் வந்துகொண்டிருந்தன. ஜீப் ரோடு வந்தபின் கூட்டம் பெருகிவிட்டது.

ஒரு பானைக்கு மூன்று கல் வேண்டும். ஓடைக்குள் கிடக்கும் கல்லைப் பெயர்த்து எடுப்பார்கள். விறகு வேண்டும். காய்ந்தது தீர்ந்தால் பச்சையில் கை வைப்பார்கள். அடுப்பு மூட்டின இடத்தில் மர வேர் வெந்துபோகும். இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த அடுப்பிடம். கரிப்பிடித்த மூன்று கல்லையும் அங்கேயே விட்டுவிட்டுப் போய், அடுத்த வருஷம் அதே இடத்துக்கு வருவார்கள். வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் போச்சு, அம்மனே இறங்கி வந்தாலும் அந்தச் சண்டையை விலக்க முடியாது. அதனால் அந்த இடங்களில் வருஷக்கணக்காக ஒரு செடிகூட முளைக்கவில்லை. சோலைக்கு நடுவே அம்மைத் தழும்பு மாதிரி கறுப்புக் கறுப்பாகத் தரை. கூட்டம் கூடக் கூட அந்தத் தழும்பு ஓடை வரைக்கும் இறங்கிவிட்டது.

ஒரு வருஷம் அணைக்காமல் விட்ட கங்கு ஒன்று சருகில் பிடித்து, மேலே புல்மேடு வரை ஏறிவிட்டது. அணைக்கப் படாத பாடு பட்டோம். எங்கள் வாட்சர் ஒருவருக்கு இரண்டு காலும் வெந்துவிட்டது. அவரை ஜீப்பில் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போகும்போது நான் அழுதேன். வலியில் துடித்துக்கொண்டிருந்த அவர், "மேடம், சோலை தப்பிச்சா?" என்று கேட்டார். சோலை அந்த முறை மயிரிழையில் தப்பியிருந்தது. இன்னொரு முறை தப்பாது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஓடைதான் பல கைகள் சேர்ந்து எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் கரமனையாறாக ஓடுகிறது.

அடுத்த வருஷம் பொங்காலைக்குத் தடை, போலீஸ் காவல் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது. போலீஸ் நிற்பது பெரிய பாதையில். காட்டுக்குள் போகப் பாதையா இல்லை? தடுத்தால் இவர்கள் திருட்டுத்தனமாகப் புதர் வெட்டிக்கொண்டு ஏறுவார்கள். தீ எங்கே பிடித்தது என்று கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மல்லன் காணி பிடிபட்டுக் கோர்ட்டில் நிற்பார். வர்கீஸ் சாரிடம் இதைச் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "ஒரு வருஷம் வாங்கித் தருகிறேன் லலிதா. அவர்களாகவே காட்டுக்கு வெளியில் பொங்காலை இட வேண்டும். நடக்காவிட்டால் தடைதான். பின்னே?" என்றார். சார் மலையாளத்தில்தான் பேசுவார், நான்தான் தமிழில் எழுதுகிறேன். கடைசியாக வந்த "பின்னே?" மட்டும் அவருடையது.

செக்போஸ்டுக்குப் பக்கத்தில் எங்கள் பழைய தடி டெப்போ மைதானம் காலியாகக் கிடந்தது. மரம் வெட்டுவதை இலாகா நிறுத்திய பிறகு அங்கே ஆடுதான் மேய்ந்தது. அங்கே கேஸ் அடுப்புகளை வரிசையாக வைத்துக் கொடுத்தால் விறகே வேண்டாமே என்று எங்கள் ஆபீஸில் ஒருவருக்குப் புத்தி போயிற்று. மாதிரிக்கு ஒரு அடுப்பைத் தூக்கிக்கொண்டு அடிவாரத்தில் கூட்டம் போட்டோம்.

அங்கேதான் சரோஜினி அக்காவைச் சந்தித்தேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், மகளிர் குழுவின் தலைவி. அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள். அடுப்பைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

"நல்ல அடுப்பு மேடமே. இதில உள்ள தீ எங்கேருந்து வருது?"

நான் லைட்டரை எடுத்து டிக் என்று அடித்துக் காட்டினேன்.

"அப்ப இது லைட்டருக்க தீ. லைட்டரம்மைக்கு நாங்க எதுக்கு பொங்காலை இடணும்?"

கூட்டம் சிரிசிரி என்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். எங்கள் ஆபீஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியபோது எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. எங்கள் ஊர்ப் பொங்காலையில் நானும் அம்மாவும் கரமனைத் தெருவில் எங்கள் வாசலிலேயே கல் கூட்டிப் பானை வைப்போம். கோயில் எங்கேயோ இருக்கிறது. ஆனால் அங்கே மூட்டிய தீ அடுத்த அடுப்புக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததுக்கு என்று தெருத் தெருவாக வந்து எங்கள் வாசலை எட்டும். கோபுரத்தைக் கண்ணால் பார்க்காமல் பொங்கியவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். ஒருத்திக்கும் அதில் குறை இருந்ததில்லை.

"அக்கா, மல்லன் காணி கையால மேலே ஏத்தற தீயை நாங்க அணையாமல் கீழே கொண்டு வந்து தந்தால், டெப்போ மைதானத்தில் அடுப்பு கூட்டுவேளா?" என்று கேட்டேன்.

சரோஜினி அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டார். மற்ற பெண்களைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். "தீப்பெட்டி கூடாது. மண்ணெண்ணெய் கூடாது. வண்டியில ஏத்தக் கூடாது, செருப்பு இட்டு எடுக்கக் கூடாது. வழியில எங்கேயும் விளக்கைத் தாழ வைக்கக் கூடாது. வெயில் உச்சிக்கு ஏறுததுக்கு முன்னே வரணும். வரல்லன்னா நாங்க பானையை எடுத்துக்கிட்டு மேலே ஏறிடுவோம். அப்ப வந்து அம்மே தாயேன்னு கெஞ்சக் கூடாது. சரியா?"

சரி என்றேன்.

வர்கீஸ் சாரிடம் போய்ச் சொன்னேன். காற்றடித்தால்? கண்ணாடிக் கூடு போட்ட தூக்கு விளக்கு என்றேன். பின்னே? எண்ணெய் தீர்ந்தால் எரியும்போதே ஊற்றத் தேங்காயெண்ணெய்க் குப்பி. பின்னே? ஒரு விளக்கு அணைந்தால் அதிலிருந்தே ஏற்றிய இன்னொரு விளக்கு கூடவே வரும். பின்னே? விறகு அவரவர் வீட்டுத் தென்னையிலிருந்து ஓலைச் சூட்டும், காய்ந்த பாளையான கொதும்பும். பின்னே? அடுப்பிடச் சண்டை வந்தால்? வறுவல் டப்பா நகர்ந்து வந்தது.

அதற்கு வழி சொன்னது சரோஜினி அக்காதான். ஒருநாள் என்னை மேலே கூட்டிக்கொண்டு போய், எந்த அடுப்புக்கு எந்த அடுப்பு பக்கத்தில் என்று காட்டினார். இரட்டை இலவங்க மரத்தடியில் கரிப்பிடித்த மூன்று கல்லைத் தொட்டு, "இது எனக்க அடுப்பு. எனக்க மாமியாருக்க கையில இருந்து கிட்டினது" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது. அதைக் கேட்டு எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு கீழே வந்து, டெப்போ மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் அதே வரிசையில் வட்டம் போட்டோம். மேலே பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் கீழேயும் பக்கத்துப் பக்கத்திலேயே. மேலே பேசிக்கொள்ளாதவர்கள் கீழேயும் எட்டத்திலேயே. அந்த அம்மாளுக்கு அத்தனை பேரின் மனத்தாங்கலும் அத்துப்படி.

விளக்கைக் கிழக்கேகோட்டைப் பக்கத்துப் பாத்திரக் கடையில் சொல்லிச் செய்தேன். அதைக் கூடத்தில் மாட்டி எரியவிட்டு, ஃபேனை முழு வேகத்தில் சுழற்றிச் சோதனை பார்த்தேன். வீட்டுக்காரர் பேப்பரைப் பிடிக்க முடியாமல், "எல்லாரும் ஆத்துக்கு விளக்கு வாங்குவா. நீ காட்டுக்கு வாங்கறே. நடத்து" என்றார்.

பொங்காலை அன்று காலை மேலே கோயிலில் நான், மல்லன் காணி, இரண்டு வாட்சர்கள், வர்கீஸ் சார். சார் வரப்போவதாகச் சொல்லவே இல்லை. ஜீப்பிலிருந்து இறங்கி, ஷூவைக் கழற்றி ஸீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, பேண்டை மடித்துக்கொண்டு நின்றார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "தீயைக் காப்பது நம்முடைய வேலைதானே" என்றார். இத்தனை நாள் அணைத்துக்கொண்டிருந்த தீயை அன்று எல்லோரும் கும்பிட்டுக் கையில் வாங்கினோம்.

மல்லன் காணி அம்மன் விளக்கிலிருந்து திரியை ஏற்றி முதல் விளக்கை என்னிடம் தந்தார். கால் வெந்த வாட்சர் நினைவு வந்தது. நடக்க ஆரம்பித்தோம். வெறுங்கால். சருகு, கல், வேர், அட்டை எல்லாம் காலுக்குத் தெரிந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. சுடர் கூண்டுக்குள் அசையாமல் நின்றது. கை வலித்தால் மாற்றிக்கொண்டோம். சார் விளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, பின்னால் வந்த வாட்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பாதி வழியில் ஓடை குறுக்கே வரும். அதற்குக் கொஞ்சம் முன்னால் மல்லன் காணி கையை நீட்டி எங்களை நிறுத்தினார். ஓடைக்குள் யானைகள். ஒரு பெரிய பெண் யானை, சின்னது இரண்டு, காலுக்கடியில் ஒரு குட்டி.

நானும் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காற்றுக்கு வழி செய்திருந்தோம், எண்ணெய்க்கு வழி செய்திருந்தோம், பக்கத்து வீட்டுச் சண்டைக்குக்கூட வழி செய்திருந்தோம். இத்தனை வருஷம் காட்டில் சம்பளம் வாங்கிய இரண்டு பேரும் யானையை மறந்துவிட்டிருந்தோம்! சாருக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

பட்டாசு கொளுத்தி விரட்டலாம். வாட்சர் பையில் இருந்தது. சார் வேண்டாமென்று தலையை அசைத்துவிட்டார். அவற்றின் வீட்டில், அவற்றின் தண்ணீரில் நிற்கும்போது எப்படி விரட்டுவது? குட்டி வேறு இருக்கிறது. திரும்பி ஏறி ஜீப் ரோட்டைச் சுற்றி நடந்தால் சாயங்காலம் ஆகிவிடும், இங்கே இரண்டு பக்கமும் பாறை. நின்றோம். விளக்கைக் கீழே வைக்கக் கூடாது. கை மாற்றி மாற்றிப் பிடித்தோம். வெயில் இலைகளுக்கிடையில் நகர்ந்து எங்கள் தலைக்கு வந்துகொண்டிருந்தது.

கொஞ்சம் பின்வாங்கி, வயர்லெஸ்ஸைச் சன்னமாக வைத்துக் கீழே கூப்பிட்டேன். மைதானத்தில் இருந்தவன் ஷிபு, எங்கள் பீட் ஆபீசர். அவன் குரலிலேயே வியர்வை தெரிந்தது. "மேடம், இவிடெ சீன் ஆகுது. அம்மமார் பானையைத் தூக்கியாச்சு. கேட்டுகிட்ட வந்நு நிக்கிறாங்க. ஞான் என்ன செய்யட்டும்?"

அவன் முடிப்பதற்குள் வயர்லெஸ் கை மாறிவிட்டது. மாற்றியது யார் என்று கேட்கத் தேவையில்லை.

"மேடமே! தீ எங்கே?"

"அக்கா, ஓடைகிட்ட ஆனை நிக்கறது. தாண்ட முடியலை" என்று கிசுகிசுத்தேன். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண்கள் எல்லோரும் கேட்டைத் தாண்டி ஏறினால் யானை முன்னால் வந்து நிற்பார்கள். அடுத்த வருஷம் போலீஸ். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு அக்காவின் குரல், வேறு மாதிரி. "குட்டி உண்டா?"

"உண்டு. ரொம்பச் சின்னது."

"பால் குடிக்குதா?"

எட்டிப் பார்த்தேன். "ஆமாம் அக்கா. குடிச்சிண்டிருக்கு."

"அப்ப குடிச்சுத் தீரட்டு. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போ எழுந்து போன்னு சொல்ல நம்மால ஏலுமா? அம்மைக்க பொங்காலை எங்கேயும் ஓடிப் போகாது. நாங்க இங்கே இரிக்கோம்."

அதற்கப்புறம் வயர்லெஸ்ஸை அணைக்கத் தெரியாமல் அவர் பேசியதெல்லாம் எங்களுக்குக் கேட்டது. "ஏ பிள்ளையளே, பானையை இறக்குங்க. வழியில ஆனை குட்டிக்குப் பால் கொடுக்குது. ஒருத்தியும் குரவை இடப்பிடாது, கேட்டியளா? குட்டி பேடிக்கும்." மைதானத்துக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு மலையே இருந்தது. அங்கே நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டால் யானைக்கு எப்படிக் கேட்கும்? ஆனாலும் அத்தனை பெண்களும் வாயை மூடிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஷிபு பிறகு சொன்னான். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் குழந்தை தூங்குகிற அறைக்கு வெளியே பேசுகிற மாதிரி ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சார் அப்போது விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் காலில் அட்டை ஏறி ரத்தம் வழிந்தது, குனிந்து எடுக்க முடியவில்லை. மல்லன் காணி உட்கார்ந்து அதை விரலால் சுண்டிவிட்டு, "சாரே, அம்மை இன்னிக்கு உங்களையும் கொஞ்சம் குடிச்சிட்டா" என்றார்.

உச்சி சாய்ந்த பிறகுதான் பெரியது தும்பிக்கையால் குட்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்க்கரை ஏறியது. மற்றவை பின்னால் போயின. மூங்கில் ஒடியும் சத்தம் தேய்ந்து அடங்கியதும் நாங்கள் இறங்கினோம். ஓட முடியாது, விளக்கு ஆடும். ஆனாலும் ஏறக்குறைய ஓடினோம்.

மைதானத்துக்குள் விளக்கோடு நுழைந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. யாரும் கத்தவில்லை. எழுந்து நின்று வழிவிட்டார்கள். மல்லன் காணி முதல் அடுப்பில் தீயை வைத்தார். அதிலிருந்து கொதும்பைப் பற்றவைத்துப் பக்கத்து அடுப்புக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீ மைதானத்தின் மறுகோடிக்குப் போய்விட்டது. சரோஜினி அக்கா என்னைப் பார்த்து, "இனி இடலாமா?" என்று கேட்டார். "இடுங்கோ" என்றேன். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த குரவை ஒரேயடியாக எழுந்தது. அதைப் போல ஒரு சத்தத்தை நான் பிறகு எங்கேயும் கேட்கவில்லை. பானைகள் பொங்கி வழிந்தன. வர்கீஸ் சாருக்கு வாழை இலையில் வைத்துக் கொடுத்த சர்க்கரைப் பாயசத்தை அவர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு இலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "பின்னே?" வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. போய் இன்னொரு இலை எடுத்து வந்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மாசியிலும் தீ கீழே வந்தது. தடைப் பேச்சு அடங்கிவிட்டது. திருவிழாவன்று மேலே போவது விளக்கு எடுக்கிறவர்கள் மட்டும்தான். மூன்றாம் வருஷம் சரோஜினி அக்கா, தானும் விளக்கு எடுக்க வருவதாகச் சொன்னார். ரப்பர் பால் வெட்டி வெட்டி உறுதிப்பட்ட கை, நடை எங்களைவிட வேகம். கோயிலுக்கு வந்ததும் கும்பிட்டுவிட்டு, "ஒருக்கா எனக்க அடுப்பைப் பார்த்திட்டு வாறேன் மேடமே" என்று இரட்டை இலவங்க மரத்தைத் தேடிப் போனார். நானும் பின்னால் போனேன்.

மரம் இருந்தது. அதன் கீழே இடுப்பளவுக்குப் பெரணி. ஈட்டியும் இலவங்கமுமாக, விரல் தடிமனில் கன்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அக்கா குனிந்து இலைகளை விலக்கினார். அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார். மண்டியிட்டு மண்ணைத் தடவினார். கறுப்புத் தரையும் அந்த மூன்று கல்லும் எங்கேயும் தென்படவில்லை. தழும்பு மாதிரி இருந்த இடம் முழுக்க ஒரே பச்சை. எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. மாமியாரிடமிருந்து கிடைத்த இடம், காணவில்லை என்றதும் மனசு ஒடிந்துவிட்டால்?

அக்கா நிமிர்ந்தபோது கையெல்லாம் மண். முகத்தைப் பார்த்தேன். பால் வெட்டுகிற கத்தியைப் பிடித்துப் பழகிய கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மேடமே, வந்து பாருங்க, எனக்க அடுப்பை அம்மை எடுத்துட்டா!" என்றார்.